ஏரிக்கரையில் அப்பா பார்த்த படகு

சியாட்டலுக்குப் போகிறவர்கள் முதலில் ஸ்பேஸ் நீடில் கோபுரத்தில் ஏறுவார்கள். அப்புறம் பைக் பிளேஸ் சந்தையில் மீன்காரர்கள் ஒருவருக்கொருவர் மீனைத் தூக்கி வீசுவதைப் படம் பிடிப்பார்கள். நாங்களும் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து முடித்தோம். ஆனால் பத்து நாள் பயணத்தில் அப்பா மூன்று தடவை தேடிப் போன இடம் ஒன்றே ஒன்றுதான். ஒரு கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் போலீஸ் படகுகள்.

அண்ணன் குடும்பம் லேக் யூனியன் ஏரியின் வடகரையை ஒட்டிய வாலிங்ஃபோர்ட் பகுதியில் இருக்கிறது. வீட்டிலிருந்து இறக்கத்தில் பதினைந்து நிமிடம் நடந்தால் கேஸ் வொர்க்ஸ் பூங்கா. பெயரைப் போலவே அது பழைய எரிவாயு ஆலை. 1906 முதல் 1956 வரை நிலக்கரியிலிருந்தும் பிறகு எண்ணெயிலிருந்தும் வாயு தயாரித்து நகரத்துக்கு அனுப்பிய இடம். ஆலையை மூடிய பிறகு இடித்துத் தள்ளாமல், துருப்பிடித்த கோபுரங்களை அப்படியே நிறுத்தி வைத்து 1975-இல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். நம் ஊராக இருந்தால் அந்த இடத்தில் இந்நேரம் ஒரு கொண்டோமினியம் முளைத்திருக்கும். அந்தப் பூங்காவின் மேற்கு ஓரத்தில்தான் சியாட்டல் போலீஸின் நீர்ரோந்துப் பிரிவு இருக்கிறது.

முதல் நாள் எல்லாரும் குன்றின் மேல் ஏறி நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜூலை மாதம். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. ஏரியில் கயாக், பாய்மரப் படகு, நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகை, நடுவில் திடீரென்று வந்திறங்கும் கடல் விமானம்! ஏரியே சாலை, ஏரியே ஓடுபாதை, ஏரியே விளையாட்டுத் திடல். நான் கைப்பேசியோடு சுற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம்.

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே அலுமினியப் படகு ஒன்றை ஓர் அதிகாரி குழாய் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

“எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு கேளு” என்றார் அப்பா.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே ஓடிய அந்தப் பழைய ஃபெரிகளின் இன்ஜின் அறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றாலும் “இன்ஜின் சூடாயிடுச்சு” என்பார். 2020 டிசம்பர் 31-ஆம் தேதி அந்த ஃபெரிகள் கடைசியாக ஓடியபோது, ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியிருந்தும் துறைமுகத்துக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். அன்று இரவு சாப்பிடவில்லை. இப்போது ஓடும் புதிய ஃபெரிகளில் ஏறுவார், ஆனால் காது கொடுத்துக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார்.

ஒரு கார் வாங்கப் போனால் நாம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்போம். படகுக்காரர்கள் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்பார்கள். நான் மொழிபெயர்த்துக் கேட்டதும் அந்த அதிகாரி குழாயை நிறுத்திவிட்டுச் சிரித்தார். ‘உங்கள் அப்பா மெக்கானிக்கா?’ என்றார். உடல் அப்படியே இருக்கும், இதயத்தைத்தான் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று படகைத் தட்டிக் காட்டினார். அப்பாவுக்கு அது மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது.

வீட்டுக்கு ஏறி வரும்போது அப்பா கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை. “அந்த இன்ஜினை மாத்தறதுக்கு யாரு காசு குடுக்கறா?”

சுற்றுலா வந்த இடத்தில் யாராவது கேட்கிற கேள்வியா இது? அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த இரவு நானும் அப்பாவோடு இருந்தேன்.

எட்டு வருடம் ஆகிறது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சனிக்கிழமைகளில் தூண்டில் போடப் போவார். வட மாநிலம் ஒன்றில் சிறு மீன்பிடிக் கிராமம். இரண்டு நண்பர்கள், வாடகை சம்பான், ஐஸ் பெட்டி, நாசி லெமாக் பொட்டலம். மாலை ஏழு மணிக்கு அப்பாவுக்குப் போன் வந்தது. “மச்சான், இன்ஜின் நின்னுடுச்சு. கரை வெளிச்சம் தெரியுது. ஆள் அனுப்பு.” அவ்வளவுதான். பிறகு அந்த எண் கிடைக்கவே இல்லை.

நானும் அப்பாவும் காரில் பறந்தோம். அங்கே ஜெட்டியில் ரோந்துப் படகு இருந்தது. கண்ணெதிரே கட்டிக் கிடந்தது. ஆனால் இரண்டு இன்ஜினில் ஒன்று கழற்றிப் போடப்பட்டிருந்தது. உதிரிப் பாகம் வரவேண்டும், இரண்டு மாதமாகக் காத்திருக்கிறோம் என்றார் பணியில் இருந்த இளம் அதிகாரி. இன்னொரு படகு தெற்கே வேறு வேலையாகப் போயிருந்தது. அந்தப் பையன் சும்மா இருக்கவில்லை. கிராமத்துக்குள் ஓடி மீனவர்களை எழுப்பினார். அவர்கள் டார்ச் லைட்டோடு கிளம்பினார்கள். இருட்டு, காற்று. மறுநாள் காலை ஒரு இழுவைப் படகுதான் கவிழ்ந்த சம்பானைக் கண்டது. ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் மிதந்தார்கள். மாமா இல்லை. மூன்றாம் நாள் கிடைத்தார்.

அப்பா யாரையும் திட்டியதில்லை. “அந்தப் பையன் அழுதான்மா” என்று மட்டும் சொல்வார். அதன் பிறகு மூன்று கடிதம் எழுதினார். எந்த இன்ஜின், எந்தப் பாகம், எவ்வளவு விலை ஆகும் என்று கணக்குப் போட்டு, என்னைத் தட்டச்சு செய்ய வைத்து அனுப்பினார். ஒன்றுக்குப் பதில் வந்தது. கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று இருந்தது.

ஆகவே சியாட்டலில் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவது என் வேலையானது. ஊடகப் பட்டம் வாங்கிவிட்டுக் காலை நிகழ்ச்சியில் பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கிறேனே என்று எனக்கும் சில நாள் தோன்றும். இந்தத் தடவை படித்த படிப்புக்கு வேலை வந்தது.

முதலில் ஓர் அடிப்படை. நம் நாட்டில் போலீஸ் என்றால் ஒரே படை. பெர்லிஸிலிருந்து சபா வரை ஒரே சீருடை, ஒரே கூட்டரசு பட்ஜெட். அமெரிக்காவில் அப்படி இல்லை. கடலோரக் காவல் படை கூட்டரசுடையது. ஆனால் ஏரியில் நாம் பார்த்த அந்தப் போலீஸ், நகரத்தின் போலீஸ். சம்பளம், டீசல், யூனிஃபார்ம் எல்லாம் நகரவாசிகளின் வரிப்பணம். சாலைக் குழியை மூடுகிற அதே பையிலிருந்துதான் படகு இன்ஜினுக்கும் எடுக்க வேண்டும். குழியை எல்லாரும் தினமும் பார்க்கிறார்கள். இன்ஜினை யார் பார்க்கிறார்கள்?

இங்கேதான் மானியம் வருகிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா விமான நிலையங்களை மட்டுமல்ல, துறைமுகங்களையும் பயத்தோடு பார்க்கத் தொடங்கியது. 2002-இல் கடல் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலிருந்து துறைமுகப் பாதுகாப்பு மானியத் திட்டம் வளர்ந்தது. ‘ஃபீமா’ என்ற கூட்டரசுப் பேரிடர் நிர்வாக அமைப்பு இதை நடத்துகிறது. நாடு முழுவதற்கும் சேர்த்துப் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு 100 மில்லியன் டாலர் இந்தத் திட்டத்தில் ஒதுக்கினார்கள். துறைமுகங்கள், ஃபெரி நிறுவனங்கள், நகரப் போலீஸ், தீயணைப்புப் படை எல்லாரும் விண்ணப்பிக்கலாம். அந்தந்தத் துறைமுகப் பகுதிக்குப் பொறுப்பான கடலோரக் காவல் படை அதிகாரி விண்ணப்பங்களை முதலில் பார்த்து, இந்தப் பகுதிக்கு எது அவசரம் என்று கருத்துச் சொல்வார்.

சியாட்டலுக்கு இந்தப் பயம் 2001-க்கு முன்பே தெரியும். 1999 டிசம்பரில் கனடாவிலிருந்து ஃபெரியில் போர்ட் ஏஞ்சலஸ் என்ற சிறிய துறைமுகத்துக்கு வந்த ஒரு காரின் பின்பெட்டியில் வெடிபொருட்கள் பிடிபட்டன. குறி லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையம் என்று பிறகு தெரியவந்தது. ஆனால் அந்த நேரத்தில் பயந்துபோன சியாட்டல், ஸ்பேஸ் நீடில் அடிவாரத்தில் நடக்கவிருந்த புத்தாயிரம் ஆண்டுக் கொண்டாட்டத்தையே ரத்து செய்தது. ஃபெரி, கார், பின்பெட்டி. அப்பா இதைக் கேட்டுவிட்டு, “நம்ம ஃபெரியில எத்தனை லட்சம் பூட்டை யாரு திறந்து பார்த்தா” என்று முனகினார். (பூட் என்றால் நம்மூர் பேச்சில் காரின் பின்பெட்டிதானே!)

சரி, மானியம் இனாமா? இல்லை. நகரம் போன்ற அரசு அமைப்புகள் செலவில் கால் பங்கைத் தாங்களே போட வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு படகைப் புதுப்பிக்க 4 லட்சம் டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சம் கூட்டரசு தரும், 1 லட்சம் நகரம் போட வேண்டும். பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் வேலையை முடித்துக் கணக்குக் காட்ட வேண்டும். அதைவிட முக்கியமானது, பணத்தைத் துறைக்குள் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட முடியாது. நகர மன்றம் கூடி, இந்த மானியத்தை ஏற்கிறோம், இதற்கு நம் பங்கு இவ்வளவு என்று தீர்மானம் போட வேண்டும். அந்தத் தாள்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கூட்டத்துக்குப் போய் ஒலிபெருக்கி முன்னால் நின்று “வேண்டாம்” என்றும் சொல்லலாம்.

சொன்னார்களா? சொன்னார்கள். இதை எனக்குச் சொன்னவர் அண்ணி. அண்ணி ஈப்போக்காரர், எதையும் லேசில் விடமாட்டார். அவர் சியாட்டலுக்கு வந்த புதிதில், 2013 தொடக்கத்தில், ஆல்க்கை கடற்கரையில் நடக்கப் போனபோது விளக்குக் கம்பங்களில் வெள்ளைப் பெட்டிகளோடு கேமராக்கள் முளைத்திருந்தனவாம். யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. விசாரித்தால், அதே துறைமுகப் பாதுகாப்பு மானியம். சுமார் 5 மில்லியன் டாலரில் நீர்முகப்பு நெடுக 30 கேமராக்களும் அவற்றை இணைக்கும் கம்பியில்லா வலைப்பின்னலும். நகர மன்றம் ஏற்றுக்கொண்டதுதான், ஆனால் தலைப்பு ‘துறைமுகப் பாதுகாப்பு’. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் உரக்கப் படிக்கவில்லை. கேமரா கடலைப் பார்க்குமா, எதிர்வீட்டுப் படுக்கையறையைப் பார்க்குமா என்று மக்கள் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு கூட்டரசு மானியத்தில் போலீஸ் வாங்கிய 2 ட்ரோன்களையும் அதே 2013 பிப்ரவரியில் மேயர் நிறுத்தினார். அடுத்த மாதம் நகர மன்றம் புதுச் சட்டம் போட்டது, கண்காணிப்புக் கருவி எது வாங்குவதானாலும் முதலில் இங்கே வந்து சொல்ல வேண்டும் என்று. அந்த வலைப்பின்னலையும் ஆண்டு முடிவதற்குள் அணைத்துவிட்டார்கள்.

“இனாமா வர்ற மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கணும்” என்றார் அண்ணி. பழமொழி இதற்கு நேர் எதிராக அல்லவா இருக்கும் என்றேன். “பழமொழி சொன்னவன் நகர மன்றக் கூட்டத்துக்குப் போனதில்ல” என்றார்.

இந்த மானியத்தில் எனக்கு உறுத்தியதும் பிடித்ததும் ஒரே விஷயம்தான். பணம் வருவது பயங்கரவாதத்தின் பெயரில். ஆகவே விண்ணப்பத்தில் வெடிகுண்டு, கதிர்வீச்சு, ரசாயனம் என்றெல்லாம் எழுத வேண்டும். ஆனால் லேக் யூனியனில் கோடைக்கால ஞாயிறு மாலையில் நடப்பது என்ன? கவிழ்ந்த கயாக், எரிபொருள் தீர்ந்த படகு, குடித்துவிட்டு ஓட்டுகிறவர், கரையோரம் தவறி விழுந்தவர், தண்ணீரில் மிதக்கும் பெரிய மரக்கட்டை. ஜூலை 4 வாணவேடிக்கையன்று ஏரி முழுக்கப் படகாக நிற்கும் என்றான் அண்ணன். இந்த வேலைகளுக்கென்று யாரும் மில்லியன் கணக்கில் தரமாட்டார்கள். ஆனால் கடத்தல்காரனை இருட்டில் காட்டும் வெப்பக் கேமரா, தண்ணீரில் தத்தளிக்கிறவனின் தலையையும் காட்டும். நீருக்கடியில் குண்டு தேடும் சோனார், மூழ்கிய ஆளையும் தேடும். இது ஏமாற்று என்று சிலர் சொல்லலாம். அந்த ஜெட்டியில் நின்றவள் என்ற முறையில் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கேமரா விஷயத்தில் நான் அண்ணி கட்சி.

இன்னொரு நாள் பாலார்ட் நீர்ப்பூட்டுக்குப் போனோம். 1917-இல் திறந்தது. ஏரி, கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ லிஃப்ட் போல ஏற்றி இறக்குகிறார்கள். பக்கத்தில் சால்மன் மீன்களுக்கென்று 21 படிகள் கொண்ட மீன்படிக்கட்டு. கண்ணாடி வழியாக, கடலிலிருந்து பிறந்த ஆற்றைத் தேடிப் போகும் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து நிற்பதைப் பார்க்கலாம். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மகன் நகரவே மறுத்தான். அப்பா மீனைப் பார்க்கவில்லை. நீர்ப்பூட்டுக்குள் கயிறு கட்டி நின்ற ஒரு சின்னப் படகில் ஐந்து வயதுப் பெண் குழந்தை மிதவை அங்கி போட்டிருந்ததைக் காட்டினார். வாஷிங்டன் மாநிலத்தில் 19 அடிக்குக் குறைந்த படகில் 12 வயது வரையிலான பிள்ளைகள் அங்கி அணிந்தே ஆக வேண்டும், சட்டம். மாமாவின் சம்பானில் மூன்று பேருக்கு ஒரே ஓர் அங்கி இருந்தது. அதுவும் தலையணையாக.

கடைசிக்கு முந்தைய நாள் பிரெமர்டனுக்கு ஃபெரியில் போனோம், போக ஒரு மணி நேரம். அமெரிக்காவிலேயே பெரிய ஃபெரி சேவை இந்த மாநிலத்தினுடையது. கார்கள் வரிசையாக ஏறுவதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. எல்லாரும் மேல்தளத்துக்குக் காப்பி குடிக்கப் போக, அவர் கார் தளத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். “நல்லா வச்சிருக்கான்” என்றார். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்தோம். வெளியே கடல் பச்சைக் கறுப்பு. பினாங்குக் கடலில் விழுந்தால் வெதுவெதுப்பாவது இருக்கும். இங்கே தண்ணீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 8 முதல் 13 டிகிரி. விழுந்தவுடன் மூச்சு திணறும், கொஞ்ச நேரத்தில் கை சொன்ன பேச்சைக் கேட்காது. காலை வரை ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு யாரும் இங்கே மிதக்க முடியாது.

பிரெமர்டனில் ‘சேஃப் போட்ஸ்’ என்ற படகுக் கட்டுமான நிறுவனம் இருக்கிறது. அலுமினிய உடலைச் சுற்றி நுரைப் பட்டை வைத்த படகுகள். 2001-க்குப் பிறகு கடலோரக் காவல் படை இவர்களிடம் ஏராளமாக வாங்கியது. பயம் ஒரு பக்கம் என்றால், அதை வைத்து இந்தக் கரையோரத்தில் வெல்டிங் வேலை செய்து பிழைத்த குடும்பங்களும் உண்டு. அப்பாவுக்கு அந்த விவரம் பிடித்திருந்தது. “கிட்டத்துல செய்றான்னா பாகமும் கிட்டத்துலயே கிடைக்கும்” என்றார்.

அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். திரும்பி வரும்போது கேட்டார்: “சரி, இன்ஜினுக்கு மானியம் குடுத்தான். அடுத்த வருஷம் ஒரு பம்ப் போச்சுன்னா? அது யாரு கணக்கு?”

நான் படித்ததை வைத்துச் சொன்னேன். புதிதாக வாங்குவதற்கும் மேம்படுத்துவதற்கும் மானியம் வரும். மானியத்தில் வாங்கிய கருவியைப் பராமரிக்கவும் சில வழிகள் உண்டு. ஆனால் அன்றாட ரோந்துக்கான எண்ணெய், ஆள், சம்பளம் எல்லாம் நகரத்தின் தலையில்தான். பெரிய பொருளைக் கொடுக்க ஆள் இருக்கிறது, சின்னப் பொருளை யாரும் விழா எடுத்துக் கொடுப்பதில்லை.

“அங்கயும் அதானா” என்றார். மாமாவின் கதையில் வராமல் போனது ஒரு சின்னப் பாகம்தான். முழு இன்ஜின்கூட இல்லை.

புறப்படும் நாள் காலை, நாலு மணிக்கே எழுந்து பெட்டி கட்டிவிட்டு, கேஸ் வொர்க்ஸ் பக்கம் ஒரு நடை போகலாமா என்றார். மூன்றாவது தடவை. பனிமூட்டத்தில் ஏரி தெரியவில்லை. வேலிக்குள் ஒரு படகின் இடம் காலியாக இருந்தது. எங்கேயோ அழைப்பு வந்து போயிருக்க வேண்டும். அதைப் பார்த்ததும் அப்பா ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார், நல்ல செய்தி கேட்டவர் போல.

மானியத் திட்டத்தின் விதிமுறைகளில் நான்கு பக்கங்களை அண்ணன் அச்சடித்துக் கொடுத்திருந்தான். அப்பா அவற்றை மடித்துக் கடப்பிதழ் உறைக்குள் வைத்துக்கொண்டார். விமானத்தில் சாப்பாடு வந்து போன பிறகு அதை எடுத்து மடியில் விரித்தார். இங்கிலீஷ் அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். கால் பங்கு என்று எழுதியிருந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டார்.

“நாலாவது கடிதம் எழுதலாமா?” என்றேன்.

“அதுக்கு முன்னாடி இதை நீ ரேடியோவில படிப்பியா?”

எனக்குக் காலையில் பேசக் கிடைப்பது இரண்டு பாட்டுக்கு நடுவே ஒன்றரை நிமிடம், அப்பா. அதனால் இங்கே எழுதியிருக்கிறேன். கடிதத்தை நாளைக்குத் தட்டச்சு செய்கிறேன், அந்த உதிரிப் பாகத்தின் இப்போதைய விலையை மட்டும் கேட்டு வையுங்கள்.